மிளகின் மேல் போட்ட பழி

தம்பி, போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய மூன்று படங்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "அப்பா, இந்த மூணு காபி கிரைண்டர்ல எதை வாங்கலாம்? நீங்கதானே மிஷின் ஆளு" என்று கீழே எழுதியிருந்தாய். இத்தனை நாளாகியும் நான் பதில் போடவில்லை என்று உனக்கு வருத்தமாம், அம்மா சொன்னாள். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் பேசினால் நான் பேரிங்கில் ஆரம்பித்து மோட்டாரில் முடித்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி. பாதியில் எழுந்து அம்மாவுக்குப் போன் போடாதே. அவளிடம் நேற்றுதான் சொன்னேன், அப்போதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் பழைய கிரைண்டர் கெட்டதற்கு நித்யா அதில் அரைத்த மிளகு காரணம் இல்லை. நான்தான் காரணம். அதைப் பிரித்தவன் நான், கெடுத்தவன் நான், கெடுத்துவிட்டு மூன்று மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான். உன் மனைவி செய்யாத தப்புக்கு நீ அவளைச் சொந்தக்காரர்கள் சிரிக்கும்படி செய்தாய், நானும் கூட நின்று சிரித்தேன். இப்படியே விட்டால் நம் குடும்பத்தில் அவள் கடைசிவரைக்கும் மிஷினைக் கெடுத்தவள்தான். அந்தப் பெயரை அவள் மேலிருந்து எடுக்கத்தான் இந்தக் கடிதம். நீ கேட்ட கிரைண்டரைப் பற்றியும் சொல்கிறேன், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விடமாட்டேன்.

உன் பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று அம்மா ஒரு வாரம் அங்கே போயிருந்தாள் அல்லவா? முத்தாபுதுப்பேட்டை வீட்டில் நான் தனியாக இருக்க வேண்டாம் என்று நீ என்னை அயனம்பாக்கத்துக்கு அழைத்துக்கொண்டு போனாய். காலை ஏழு மணிக்கெல்லாம் நித்யா திருமழிசைக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவாள், ஒன்பது மணிக்கு நீ பைக்கை எடுத்துவிடுவாய். பிறகு நானும் உங்கள் பால்கனியும் எதிரே ஏரியும்தான். ஏரியை எத்தனை தரம் பார்ப்பது? அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் இரும்பைத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருகிற கிரைண்டிங் மிஷின் முன்னால் நின்றவன், ரிட்டயர் ஆன பிறகும் கை சும்மா இருப்பதில்லை. நம் வீட்டில் ஃபேன் ரெகுலேட்டர், குக்கர் மூடி, அம்மாவின் தையல் மிஷின் என்று எதையாவது பிரித்துக்கொண்டிருப்பேன். அம்மா கேட்பாள், "இன்னாய்யா, ஊட்ல ஒரு சாமான் சொம்மா கெடந்தா உன் கைக்குப் பொறுக்காதா? சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!" அவள் இருந்திருந்தால் அன்றைக்கு இது நடந்திருக்காது.

நான் வந்த முதல் நாளே நீ ஆசையாக அந்த கிரைண்டரைக் காட்டினாய். இதில் மிக்ஸி மாதிரி பிளேடு கிடையாது, பல் வெட்டிய இரண்டு எஃகுத் தட்டுகள், ஒன்று நிற்கும், ஒன்று சுற்றும், நடுவில் காபிக்கொட்டை போகும் என்று சொன்னாய். எஸ்பிரெஸோ மிஷின் வெந்நீரை அழுத்தித் தள்ளும்போது பொடி கொஞ்சம் பெரிதாக இருந்தால் குழாய்த் தண்ணீர் மாதிரி ஓடிவிடும், கொஞ்சம் சன்னமாகிவிட்டால் அடைத்துக்கொள்ளும், சரியாக இருந்தால் அரை நிமிஷத்தில் தேன் மாதிரி இறங்கும் என்றாய். "எல்லாமே கிரைண்டர்தான்பா. காபி மிஷின் அதுக்கு அப்புறம்தான்" என்றாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நீ என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. உன் உலகத்தில் எனக்குப் புரிகிற ஒரு சாமான் கடைசியில் வந்துவிட்டதே என்று இருந்தது. வாழ்நாள் முழுக்க முடியைவிடச் சன்னமான மைக்ரான் அளவைத் துரத்தினவன் நான்.

மூன்றாம் நாள் நீங்கள் இருவரும் கிளம்பியதும் மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினேன். மேல் தட்டு கையோடு வந்தது. கட்டைவிரலால் பல்லின் ஓரத்தைத் தடவினேன், சொரசொர என்று இருந்தது. எங்கள் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதுதான்: மிஷினிலிருந்து ஜாப், அதாவது தேய்த்து முடித்த சாமான், இறங்கினால் அதன் ஓரத்தில் பிசிறு நிற்கும், எண்ணெய்க்கல்லை எடுத்து அந்தப் பிசிறை நீவிவிட்டு அப்புறம்தான் அளவு எடுக்க வேண்டும். முப்பத்திரண்டு வருஷத்தில் பிசிறோடு ஒரு ஜாப் என் கையை விட்டுப் போனதில்லை. 'வெளிநாட்டுச் சாமான் என்கிறான், பிசிறு எடுக்கக்கூட இவர்களுக்குத் தெரியவில்லையே' என்று நினைத்தேன். என் ஷேவிங் டப்பாவில் ஒரு சின்ன எண்ணெய்க்கல் எப்போதும் கிடக்கும். அதை எடுத்துப் பால்கனியில் உட்கார்ந்து, இரண்டு தட்டையும் பல் பல்லாக ஒரு மணி நேரத்துக்கு மேல் நீவினேன். வழவழ என்று ஆக்கி, துடைத்து, இருந்தபடியே மாட்டிவைத்தேன். மத்தியானம் சாப்பாடு நன்றாக இறங்கியது. மகனுக்கு ஓர் உபகாரம் செய்துவிட்டோம் என்ற திருப்தி.

அந்தப் பல் கொட்டையை நசுக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன் தம்பி. அது நசுக்கவில்லை, வெட்டுகிறது. நான் பிசிறு என்று நினைத்து எடுத்ததுதான் அதன் கூர். தேங்காய்த் துருவியின் பல்லை யாராவது கல்லில் தேய்த்து மழுக்குவார்களா? நான் செய்தது அதுதான். என்னைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது, ஏனென்றால் வேறு யாருக்கும் அந்தக் கைப்பழக்கம் இல்லை.

மறுநாள் காலை நீ காபி போட்டபோது பத்து எண்ணுவதற்குள் தண்ணீர் மாதிரி ஓடிவிட்டது. புளித்தது என்று கொட்டினாய். இன்னும் இறுக்கி அரைத்தாய், அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக இறங்கியது, கசந்தது. பொடியைத் தொட்டால் சூடாக இருந்தது. இது என் கை வேலை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதற்கு அடுத்த நாள் நீயே பிரித்தாய். பல்லெல்லாம் மழுங்கிப்போய் இருந்ததைப் பார்த்துவிட்டு நித்யாவைக் கூப்பிட்டாய். நான் ஃபிரிட்ஜ் பக்கத்தில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன்.

"இதுல திரும்ப ஏதாவது போட்டு அரைச்சியா?"

"இல்லீங்க. மிக்ஸி ரிப்பேர்ல இருந்தப்ப ஒரு தடவை மிளகு அரைச்சேன். அதை அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனே."

"அதான் பாத்தியா, பல்லையே தின்னுட்டுச்சி. நீங்க சொல்லுங்கப்பா, மிளகு கெட்டியா கல்லு மாதிரிதானே கீது?"

மிளகு எஃகை மழுக்காது. எஃகோடு பாதி ஆயுசைக் கழித்தவனுக்கு இது தெரியாதா? ஒரே ஒரு வார்த்தை, 'நான்தான்டா' என்று சொல்லியிருந்தால் நீ இரண்டு நாள் என்னைத் திட்டியிருப்பாய், அதோடு முடிந்திருக்கும். ஆனால் மிஷின் ஆள் மிஷினைக் கெடுத்தான் என்று ஆகிவிடுமே என்று எனக்கு வெட்கம். நீ என்னைப் பார்த்துக் கேட்ட விதத்தில் ஒரு மரியாதை இருந்தது, அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை. "கெட்டியாத்தான் இருக்கும்" என்று சொன்னேன். சும்மா இருந்திருந்தால்கூட ஒரு பங்கு பாவம்தான். நான் சாட்சியும் சொன்னேன். நித்யா என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "சாரிங்க" என்று உன்னிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு என் தங்கை பேரனுக்குக் காது குத்தினோமே, அன்றைக்குப் பந்தியில் நடந்ததை நீ மறந்திருப்பாய். யாரோ காபி கேட்டார்கள். "இவ கையால வாங்காதீங்க, மிளகு ரசம்தான் வரும். எங்க ஊட்டு மிஷினையே ஒழிச்சிக்கட்டினவ இவதான்" என்று நீ ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னாய். நன்றாகவே சொன்னாய், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உன் அத்தை விடுவாளா? "இன்னாம்மா மிளகு பொண்ணு, இன்னொரு கரண்டி ரசம் ஊத்தட்டா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பெயர்தான். நித்யாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் பாதி இலையில் எழுந்து கை கழுவப் போனாள். நான் தலையைக் குனிந்துகொண்டு பாயசம் குடித்தேன்.

போன மாதம் உங்கள் வீட்டுக்கு வந்தபோது இன்னொன்றைப் பார்த்தேன். சமையலறையில் காபி மிஷின் இருக்கிற மூலைக்கே அவள் போவதில்லை. காலையில் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் டீ குடித்துக்கொள்கிறாளாம். மிக்ஸியைப் போடுவதற்கு முன் ஹாலுக்கு வந்து, "இதுல இஞ்சி போடலாமாங்க?" என்று உன்னிடம் கேட்டாள். நீ போனிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றாய். அவள் வேலை என்ன? கம்பெனியில் சாமானை அளந்து பார்த்து, சரியில்லை என்றால் ஒரு லாட்டையே திருப்பி அனுப்புகிறவள். அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது. அப்படிப்பட்ட பெண் தன் வீட்டில் இஞ்சி போட உத்தரவு கேட்கிறாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னை மட்டும் குற்றம் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. நீ சின்னப் பையனாக இருக்கும்போது அம்மாவின் மிக்ஸி பிளேடை நான் ஷாப்புக்கு எடுத்துக்கொண்டு போய்த் தீட்டிக் கொடுத்தேன். திரும்ப மாட்டினபோது ஜாரின் அடி ஒழுகியது, ஒழுகி ஒழுகி மோட்டார் புகைந்துவிட்டது. "நீ ஈரக் கையோட போட்டிருப்பே" என்று அம்மா மேல் திருப்பிவிட்டேன். வீட்டில் எது உடைந்தாலும் முதலில் சமையலறையில் நிற்கிறவளைத் திரும்பிப் பார்ப்பது என் பழக்கம். நீ அதைப் பார்த்துத்தான் வளர்ந்தாய். ஆனால் அம்மா அன்றைக்குத் தெருவே கேட்கிற மாதிரி என்னைக் கிழித்தாள். "உன் கை பட்டு எது உருப்பட்டுது? தீட்டினது நீ, புகைஞ்சதுக்கு நானா?" என்றாள், அத்தோடு தீர்ந்தது. நித்யா கத்துகிற பெண் இல்லை. கத்தாதவள் மேல் போடுகிற பழி அங்கேயே தங்கிவிடுகிறது, அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சரி, உன் மூன்று படத்துக்கு வருகிறேன். முதல் படம் கையால் சுற்றுகிறது. சாமான் நன்றாகத்தான் இருக்கிறது, கரண்டு வேண்டாம், சத்தம் இல்லை. ஆனால் எஸ்பிரெஸோவுக்கு அவ்வளவு சன்னமாக அரைக்க வேண்டுமென்றால் இரண்டு பேருக்குச் சேர்த்துச் சில நிமிஷமாவது கை வலிக்கச் சுற்ற வேண்டும். காலையில் நீங்கள் இரண்டு பேரும் ஓடுகிற ஓட்டத்தில் நீ ஒரு வாரம் சுற்றுவாய், எட்டாம் நாள் அது பரணுக்குப் போகும். மூன்றாவது படத்தில் எண் எல்லாம் மின்னுகிறதே, அதில் பணத்தை மின்னுகிறதற்குத்தான் கேட்கிறான். கூர்ந்து பார்த்தேன், பல்லை நெருக்குகிற வளையம் படி படியாகத்தான் நகர்கிறது. ஒரு படியில் காபி ஓடும், அடுத்த படியில் அடைக்கும், உனக்கு வேண்டிய இடம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். வடிகட்டிப் பால் ஊற்றிக் குடிக்கிற காபிக்கு அது போதும், எஸ்பிரெஸோவுக்குப் போதாது. இரண்டாவது படம்தான் வாங்கத் தகுந்தது. வளையம் படி இல்லாமல் வழுக்கிக்கொண்டு நகரும், ஒரு மயிரிழை திருப்பினாலும் அந்த மயிரிழைக்கு உண்டான வித்தியாசம் பொடியில் தெரியும்.

ஆனால் எதை வாங்கினாலும் படத்தைப் பார்த்து வாங்காதே. கடைக்குப் போய், கரண்டை எடுக்கச் சொல்லிவிட்டு, சுற்றுகிற தட்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் எழுந்து வந்துவிடு. தட்டு ஆடினால் ஒரு பக்கம் மாவாகவும் ஒரு பக்கம் ரவையாகவும் விழும், எந்த மோட்டாரும் அதைச் சரிபண்ணாது. கொஞ்சம் கொட்டையை நிறுத்துப் போட்டு, விழுகிற பொடியையும் நிறுத்துப் பார், எவ்வளவு உள்ளேயே தங்குகிறது என்று தெரியும். தங்கினது நாளைக்குப் பழைய வாசனையோடு உன் கப்பில் விழும். சுத்தம் பண்ண யாராலும் சுலபமாகப் பிரிக்க முடிகிறதா, பல்தட்டு தனியாகக் கிடைக்கிறதா என்று கேள். இவ்வளவுதான். மோட்டார் எத்தனை வாட், எந்த நாடு என்பதெல்லாம் விற்கிறவனுக்கு வேண்டிய பேச்சு.

இவ்வளவும் சொன்ன பிறகு உண்மையைச் சொல்கிறேன். நீ எதையும் வாங்க வேண்டாம். உன் பழைய கிரைண்டரை நான் பிரித்தபோது தட்டைச் சுற்றவைக்கிற ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தேன், துளி ஆட்டம் இல்லை, அவ்வளவு நேர்த்தியான வேலை. அதன் வளையமும் வழுக்கிக்கொண்டு நகர்கிறதுதான். கெட்டது அந்த இரண்டு தட்டு மட்டும். மாடல் பெயரைச் சொல்லி ஒரு கடையில் விசாரித்தேன், ஜோடியாகத் தனியாகக் கிடைக்கிறதாம். இது எனக்கு அன்றைக்கே தோன்றியது. சொன்னால், தட்டு எப்படி மழுங்கியது என்ற பேச்சு வரும், நான் மாட்டிக்கொள்வேன் என்றுதான் நீ பரணில் தூக்கிப் போடுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் சனிக்கிழமை உனக்கு ஆபீஸ் இருந்தது, நித்யாவுக்கு லீவு. ஆவடியில் பஸ் ஏறி உங்கள் வீட்டுக்குப் போனேன். "வாங்க மாமா, அவரு இல்லியே" என்றாள். "உன்னைத்தான்மா பார்க்க வந்தேன்" என்று சொல்லி, உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று பயம். அவள் கையில் துடைக்கிற துணி இருந்தது. அதை மடித்து வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "அப்ப நான் இல்லியா மாமா?"

"நீ இல்லம்மா. நான்தான்."

"மிளகு அரைச்சதுக்கு அப்புறம் ஒரு மாசம் அது நல்லாத்தான் மாமா ஓடிச்சி. எனக்கு அது ஞாபகம் இருந்திச்சி. எங்க கம்பெனியா இருந்தா அன்னிக்கே எழுதி வெச்சிருப்பேன். ஆனா நீங்க கெட்டின்னு சொல்லிட்டீங்க. உங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."

மன்னித்துவிடு என்று கேட்டேன். அவள் மடித்த துணியைத் திரும்ப எடுத்து மேடையைத் துடைத்தாள். சரி என்று சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. மூன்று மாதம் தன்னைத்தானே சந்தேகப்பட்டவள் ஒரு நிமிஷத்தில் சரி என்று சொல்லிவிட வேண்டுமா? "சாயங்காலம் அவன் வந்ததும் நீயே சொல்லிடும்மா, அவன் என்கிட்ட கேட்டா ஆமாம்னு சொல்றேன்" என்றேன். கோழைதான், கடைசி நேரத்திலும் அவள் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன். அவள் தலையை ஆட்டினாள்.

"வேணாம் மாமா. நான் சொன்னா அவரு நம்ப மாட்டாரு. தப்பிக்கறதுக்கு உங்க மேல போடறேன்னு சொல்வாரு. நீங்களே எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

தம்பி, அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அவளுக்கு அது பழகிப்போயிருக்கிறது. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. நான் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன், அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

பழியை நாலு பேர் எதிரில் போட்டோம், எடுப்பதும் நாலு பேர் எதிரில்தான். அதனால் நாளைக் காலை இந்தப் பக்கங்களைப் படம் பிடித்து நம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போடப் போகிறேன். உன் அத்தை படிக்கட்டும், பந்தியில் சிரித்த எல்லோரும் படிக்கட்டும். அவர்கள் என்னை என்ன பெயர் வைத்து வேண்டுமானாலும் கூப்பிடட்டும். உனக்கு மட்டும் ஒரு நாள் முன்னால் கொடுக்கிறேன்.

படித்து முடித்ததும் எனக்குப் போன் போடாதே. என் மேல் கோபப்பட உனக்கு எவ்வளவோ நாள் இருக்கிறது. நித்யா சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவாள். நீ முன்னாலேயே போய் ஸ்டாப்பில் நில். தட்டு மாற்றுவது, கிரைண்டர் வாங்குவது எதையும் அங்கே பேசாதே. நான் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றும் சொல்லாதே. இந்தக் கடிதத்தை வீட்டில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு போ. போய், அன்றைக்கு என்ன நடந்தது என்று அவளைக் கேள். அவள் சொல்கிறதை அவள் வாயால் கேட்டு நம்பு.

இப்படிக்கு, கெடுத்தவன்,
உன் அப்பா.